மகளுக்கு ஞானப்பல்லே இல்லை. இனிமேல் பிறக்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தானா?

கேள்வி: கரிசல் செல்வி (கோவில்பட்டி)

என் மகளுக்குப் பதினாறு வயது. பல்லுக்குக் கம்பி போடலாம் என்று போனோம், முழு வாய்க்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தைப் பார்த்த டாக்டர், "ஞானப்பல் நாலில் ஒன்றுகூட இல்லையே, கொடுத்து வைத்தவள்" என்றார்.

எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. எனக்கு 27 வயதில் கீழ்த்தாடை ஞானப்பல் படுக்கைவாட்டில் கிளம்பி, முன்னால் இருந்த பல்லை முட்டிக்கொண்டு நின்றது. அதை எடுத்துவிட்டு வந்தபோது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. நாலு நாள் கஞ்சிதான். அப்போது வீட்டில் ஒரு காதுகுத்து அன்று எடுத்த குடும்பப் படத்தில்கூட நான் ஒரு பக்கம் முந்தானையால் மூடிக்கொண்டு நிற்பேன்.

என் அம்மாவுக்கோ 71 வயது. ஞானப்பல் நாலும் நேராக முளைத்து, மூன்று இன்னும் இருக்கின்றன. கரும்பைப் பல்லாலேயே உரிப்பார்.

ஆக, அம்மாவுக்குப் பல்லும் இருந்தது, இடமும் இருந்தது. எனக்குப் பல் இருந்தது, இடம் இல்லை. மகளுக்குப் பல்லே இல்லை. என் தம்பி இன்ஜினியர். "இதுதான் அக்கா பரிணாமம், உன் வீட்டிலேயே மூன்று தலைமுறையில் நடந்துவிட்டது" என்கிறான். நூறு தலைமுறை போனால் எல்லோருக்கும் 28 பல்தான், கால் சுண்டுவிரல் காணாமல் போகும், செல்போன் தேய்த்துத் தேய்த்துக் கட்டைவிரல் நீளும், தலை பூசணிக்காய் மாதிரி ஆகும் என்று அடித்துச் சொல்கிறான். கம்பி போடுகிற செலவில் ஒரு தவணையைப் பந்தயமாகக் கட்டியிருக்கிறோம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: குறடு டாக்டர் (பல் மருத்துவம், திண்டுக்கல்)

செல்வி மேடம், இரண்டு வேறு விஷயங்களை உங்கள் தம்பி ஒரே கயிற்றில் கட்டிவிட்டார்.

உங்கள் மகளுடையது பிறப்பிலேயே உள்ளது. ஞானப்பல்லின் அரும்பு பொதுவாகப் பத்து வயதை ஒட்டி எக்ஸ்ரேயில் தெரிய ஆரம்பிக்கும். பதினாறிலும் தெரியவில்லை என்றால் அநேகமாக இல்லவே இல்லை. உலக அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஒரு ஞானப்பல்லாவது இப்படி இருக்காது. சில குடும்பங்களில் பாக்ஸ்9, எம்எஸ்எக்ஸ்1 மாதிரியான மரபணுக்களில் உள்ள மாற்றம் பல் அரும்பையே உருவாகவிடாமல் தடுப்பது தெரிந்திருக்கிறது.

உங்களுடையது இடப் பிரச்சினை. இதில் சாப்பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. தாடை எலும்பு வளர்கிற வயதில் மென்று வேலை கொடுத்தால்தான் நன்றாக நீளும். ஆப்பிரிக்காவில் ஹைராக்ஸ் என்று முயல் அளவில் ஒரு பிராணி இருக்கிறது. அதில் ஒரு கூட்டத்துக்குப் பச்சையாகவும் உலர்த்தியும், இன்னொரு கூட்டத்துக்கு அதே உணவை வேகவைத்தும் கொடுத்து வளர்த்துப் பார்த்தார்கள். வெந்ததைத் தின்ற கூட்டத்துக்கு முகத்தின் கீழ்ப்பகுதி பத்து விழுக்காடு அளவுக்குக் குறைவாக வளர்ந்திருந்தது. டேனியல் லீபர்மன் குழு 2004-ல் வெளியிட்ட ஆய்வு இது. ஒரே தலைமுறைக்குள் நடந்தது, மரபணு எதுவும் மாறவில்லை.

உங்கள் அம்மா சின்ன வயதில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டுப் பாருங்கள். கம்பு, சோளம், பனங்கிழங்கு, சுத்தியலால் உடைக்க வேண்டிய பொருவிளங்காய் உருண்டை என்றுதான் இருக்கும். நீங்கள் பெரும்பாலும் இட்லி, பிஸ்கட்டில் வளர்ந்திருப்பீர்கள். (கோவில்பட்டிக்காரரிடம் கடலைமிட்டாய் கடிக்கவில்லையா என்று கேட்கத் தோன்றுகிறது, விட்டுவிடுகிறேன்.) உங்கள் ஒருவர் தாடைக்கு இதுதான் காரணம் என்று கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஆனால் பரிணாமம் என்று சொல்வதைவிட இது பொருத்தமான விளக்கம்.

பதில்: பாம்படத்தம்மா பேரன் (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்)

32 வருஷம் பிளஸ் டூ விலங்கியல் எடுத்தேன். தம்பி சொன்னதை வருஷத்துக்குப் பத்துப் பிள்ளைகளாவது விடைத்தாளில் எழுதுவார்கள். பயன்படுத்தாத உறுப்பு மறையும், பயன்படுத்தினால் வளரும், அது பிள்ளைகளுக்கும் போகும் என்பது டார்வினுக்கு முந்தைய லாமார்க் என்ற பிரெஞ்சுக்காரர் காலத்துப் பேச்சு.

என் ஆச்சி பாம்படம் போட்டவள். காது தோளைத் தொடும். அவள் அம்மாவும் அப்படி, அவளுடைய அம்மாவும் அப்படி. ஆச்சிக்கு ஒன்பது பிள்ளைகள். ஒன்றுகூடத் தொங்கட்டான் காதோடு பிறக்கவில்லை, ஓட்டையோடும் பிறக்கவில்லை. அதனால்தான் நம் ஊர் ஆசாரிக்கு இன்னும் காதுகுத்து வேலை இருக்கிறது. வைஸ்மன் என்கிற ஜெர்மானியர் 19-ஆம் நூற்றாண்டில் தலைமுறை தலைமுறையாக எலிவாலை வெட்டிக் காட்டியதும் இதைத்தான். அவர் நம் பக்கம் ஒரு காதுகுத்து விசேஷத்துக்கு வந்திருந்தால் எலிகள் தப்பித்திருக்கும்.

செல்வி, ஞானப்பல் இல்லாதது புது நாகரிகமும் இல்லை. சீனாவில் லாந்தியன் பகுதியில் 1963-ல் கிடைத்த ஆதிமனிதத் தாடையிலேயே ஞானப்பல் பிறவியிலேயே இல்லை. ஹோமோ எரெக்டஸ் அது. இட்லியும் இல்லை, கம்பியும் இல்லை.

ஒரு குணம் பரவ வேண்டுமானால் அது உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகப் பிள்ளைகள் பிழைத்து வளர வேண்டும். கேள்வி அவ்வளவுதான். உங்கள் மகளுக்கு ஞானப்பல் இல்லாததால் கூடுதலாக இரண்டு பிள்ளை பிறக்கப் போகிறதா? அந்தக் காலத்தில் பல்லில் சீழ் வைத்து ஆள் போயிருக்கலாம், அப்போது அதற்கு ஒரு மதிப்பு இருந்திருக்கும். இப்போது டாக்டர் குறடோடு உட்கார்ந்திருக்கிறார், பல் உள்ளவரும் பிழைக்கிறார், இல்லாதவரும் பிழைக்கிறார்.

ஆச்சியின் ஒன்பதில் நாலு பேர் ஐந்து வயதைத் தாண்டவில்லை. அம்மை, பேதி. அங்கேதான் இயற்கைத் தேர்வு கத்தியோடு நின்றது. இன்று பிறந்த பிள்ளைகள் அநேகமாக எல்லாம் வளர்ந்துவிடுகின்றன. தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை என்றது 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு. தேர்வு நின்றுவிட்டதா என்றால் இல்லை, சாவிலிருந்து பிறப்புக்கு இடம் மாறிவிட்டது. அமெரிக்காவில் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 1948 முதல் தலைமுறை தலைமுறையாக மக்களின் உடல்நிலையைப் பதிந்து வருகிறார்கள். அந்தக் கணக்கை வைத்து, இதே போக்கு நீடித்தால் பத்துத் தலைமுறையில் அந்த ஊர்ப் பெண்கள் எப்படி இருப்பார்கள் என்று 2009-ல் ஒரு குழு கணித்தது. சுமார் 2 சென்டிமீட்டர் குட்டை, ஒரு கிலோ கூடுதல் எடை, ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் குறைவு, மாதவிடாய் சற்றுத் தாமதமாக நிற்கும். சினிமாவில் வருகிற பூசணித்தலையர் எங்கே, இந்தக் குட்டை அத்தை எங்கே!

தேர்வுக்குக் கண் தெரியாத இடமும் உண்டு. அதற்கு உதாரணம் நம்மிடமே இருக்கிறது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான எம்ஒய்பிபிசி3 மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு வடிவம், இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேர் அளவில் இருப்பதாக 2009-ல் வெளியான ஆய்வு சொன்னது. அது உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வந்தாலும் பெரும்பாலும் நடுவயதைத் தாண்டித்தான் இதயம் தளரும். அதற்குள் பிள்ளை பெற்று, கல்யாணமே பண்ணி வைத்திருப்பார்கள். அறுபதில் வருகிற நோய் வடிகட்டியில் மாட்டாது. ஆயிரக்கணக்கான வருஷமாக அது நம்மோடு வந்துகொண்டிருப்பதும் அதனால்தான்.

பதில்: ஃபார்மலின் வாசம் (எம்பிபிஎஸ் இரண்டாம் ஆண்டு)

சார், கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் ஒன்று இருக்கிறது. முன்கையில் நடு ரத்தநாளம் என்று ஒன்று கருவில் உருவாகி, பிறப்பதற்குள் மறைந்துவிட வேண்டும். எங்கள் டிசெக்‌ஷன் ஹாலில் ஒரு உடலில் அது முழுசாக இருந்தது. பாடப்புத்தகப் படத்தோடு ஒத்துப்போகாமல் அரைமணி நேரம் திணறினோம். 1880-களின் நடுவில் பிறந்தவர்களில் 10 விழுக்காட்டினருக்கு இருந்தது, 20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்களில் 30 ஆகிவிட்டது என்று 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். இது பரிணாமம்தானே?

பதில்: பாம்படத்தம்மா பேரன்

நல்ல கேள்வி தம்பி. இவ்வளவு வேகம் எனக்குச் சந்தேகத்தைத்தான் தருகிறது. மரபணு மாறியிருக்கலாம், கர்ப்பகாலத்தில் தாயின் உடல்நிலையும் காரணமாக இருக்கலாம் என்று அவர்களே இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். பத்து உடல் அறுத்த பிறகு மறுபடி பேசுவோம்.

பதில்: கரிசல் செல்வி

எல்லோருக்கும் நன்றி. நேற்று அம்மாவிடம் கேட்டேன். டாக்டர் சொன்ன பொருவிளங்காய் உருண்டையை அப்படியே சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா இன்னொன்றும் சொன்னார். அவருடைய அத்தைக்குக் கடைசிவரை ஞானப்பல் முளைக்கவே இல்லையாம், "அறிவுப்பல் முளைக்காதவ" என்று ஊரே கேலி பண்ணுமாம். எக்ஸ்ரே எடுக்காத காலம், உள்ளே இருந்ததா என்று யாருக்குத் தெரியும்.

அதோடு என் வீட்டுக்காரருக்கும் படம் எடுத்தோம். அவருக்குக் கீழே இரண்டும் இல்லை. 45 வயது வரை அவருக்கே தெரியாது. "என் பரம்பரைச் சொத்து" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். நான்தான் மூன்று தலைமுறையை என் பக்கமே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தம்பி தவணைப் பணத்தை அனுப்பிவிட்டான். ஆனால் கால் சுண்டுவிரலை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டானாம், தனியாக ஒரு கேள்வி போடப் போகிறான். சார், கொஞ்சம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள்.