எலியை எந்த வரியில் சொல்வது?

நீந்தும்எலி:

வணக்கம். நரம்பியல் ஆய்வகம் ஒன்றில் வேலை செய்கிறேன். அல்சைமர் என்ற மறதி நோய்தான் எங்கள் ஆய்வு. எலிகளுக்கு இயல்பாக அந்த நோய் வராது. மனித மரபணுவைப் புகுத்தி, மூளையில் அமிலாய்டு என்ற புரதம் படியும்படி வளர்த்த எலிகளை வைத்துத்தான் சோதனை நடக்கும். எனக்குத் தண்ணீர்த் தொட்டி வேலை. வட்டத் தொட்டியில் நீரை வெள்ளையாகக் கலக்கி, மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன மேடையை ஒளித்து வைப்போம். எலி நீந்தித் தேடும். சுவரில் ஒட்டிய படங்களை அடையாளம் வைத்துக்கொண்டு, நாளாக ஆக சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். நினைவு மங்கிய எலி சுற்றிக்கொண்டே இருக்கும். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்டு மோரிஸ் கொண்டுவந்த சோதனை இது. நேரத்தை இப்போது கேமரா குறித்துக்கொள்கிறது. எலியைத் துவட்டிவிடுவது மட்டும் இன்னும் நான்தான்.

போன வருடம், நாங்கள் ஒரு மூலக்கூறு கொடுத்த எலிகள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் மேடையை அடைந்தன. ஆய்வுக் கட்டுரை வெளியானது. நிறுவனத்தின் மக்கள் தொடர்புப் பிரிவு கேட்டதால் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர்கள் அதை மெருகேற்றி வெளியே அனுப்பினார்கள். மறுநாள் ஒரு செய்தித் தளத்தில் 'மறதி நோய்க்கு மருந்து ரெடி!' என்று தலைப்பு. எலி வந்தது ஏழாவது பத்தியில்.

முதலில் எல்லார் மேலும் கோபம் வந்தது. அப்புறம் நான் எழுதிக் கொடுத்ததையே எடுத்துப் பார்த்தேன். 'அல்சைமரால் அவதிப்படும் கோடிக்கணக்கானோருக்கு நம்பிக்கை தரும் வகையில்' என்று ஆரம்பித்திருந்தேன். யார் கையும் படாத, என் சொந்த வரி.

அன்று மாலை ஆய்வகத்துக்கு ஒருவர் போன் செய்தார். "அப்பாவுக்கு வேண்டும், எங்கே கிடைக்கும்?" என்றார். இன்னும் எலியில்தான் பார்த்திருக்கிறோம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "எத்தனை வருஷம் ஆகும்?" என்றார். தெரியாது என்றேன். வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் பொதுமக்கள் ஆய்வகத்தைப் பார்க்க வருகிறார்கள். பத்து நிமிடம் பேச வேண்டும். 'இது எலியில்தான், இன்னும் உறுதியில்லை' என்று தொடங்கினால் தூங்கிவிடுவார்களோ என்று பயம். நம்பிக்கையில் தொடங்கினால் திரும்பவும் அந்த போன் வரும். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

இரவுப்பணி:

செய்தி மேசையில் பல வருடம் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். அந்த மாதிரித் தலைப்பு நானும் போட்டிருக்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது. பக்கம் முடிக்கிற நேரத்தில் செய்திக்குறிப்பு வரும். மூலக் கட்டுரையைத் திறக்கக்கூட அவகாசம் இருக்காது. குறிப்பின் முதல் இரண்டு வரிதான் செய்தியாகும்.

உங்கள் சந்தேகத்தை எண்ணியே பார்த்திருக்கிறார்கள். 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்த ஆய்வு அது. பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் விட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். விலங்காய்வு பற்றிய குறிப்புகளில், விலங்கில் கண்டதை மனிதருக்கு இழுத்துச் சொன்னவை 36 சதவீதம். குறிப்பே இழுத்திருந்தபோது அதை வைத்து எழுதிய செய்திகளில் 86 சதவீதம் இழுத்தன. குறிப்பு ஒழுங்காக இருந்தபோது வெறும் 10. இன்னொன்றும் பார்த்தார்கள்: ஊதிப் பெருக்கிய குறிப்புக்குக் கூடுதலாகச் செய்தி கிடைத்ததா? அதற்குப் பெரிய ஆதாரம் இல்லை. அதாவது ஊதியது வீண்.

அதனால் தலைப்பிலேயே எலி இருக்கட்டும். 'திருப்புமுனை', 'நம்பிக்கைக் கீற்று' எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். 'மனிதருக்கு உதவுமா என்று இந்தச் சோதனை சொல்லாது' என்பதை உங்கள் வாய்மொழியாக, மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். மேற்கோளுக்குள் கை வைக்க உதவி ஆசிரியர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள்.

கண்ணாடிச்சில்லு:

நான் இயற்பியல். நிதானமாகப் பேசினால் தூங்கிவிடுவார்கள் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். லைகோவைப் பாருங்கள், விண்வெளியில் பரவும் ஈர்ப்பலைகளைத் தேடும் அமெரிக்க ஆய்வுக்கூடம். ஈர்ப்பலை வந்தது 14 செப்டம்பர் 2015. அறிவித்தது 11 பிப்ரவரி 2016. நடுவில் ஐந்து மாதம் சரிபார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாராவது வேண்டுமென்றே போலி சிக்னலைப் புகுத்தியிருப்பார்களோ என்றுகூடத் துருவினார்கள். கருவியின் 4 கிலோமீட்டர் நீளக் கை, ஒரு புரோட்டான் அகலத்தைவிடப் பல நூறு மடங்கு குறைவாக அசைந்த கதை அது. சொல்லிப் புரியவைக்க முடிகிற காரியமா? அலையை ஒலியாக மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். 'கூப்' என்று ஒரு பறவைச் சத்தம் போல, ஒரு நொடிகூட இல்லை. உலகமே கேட்டது.

ஆனால் நிதானம் எப்போதும் காப்பாற்றும் என்றும் நினைக்காதீர்கள். 2011இல் நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்துவிட்டதாக ஓபெரா என்ற இயற்பியல் ஆய்வுக் குழு சொன்னபோது, 'எங்களுக்குப் பிழை தெரியவில்லை, நீங்களும் பாருங்கள்' என்ற தோரணையில்தான் பேசினார்கள். தலைப்புகளோ, ஒளியை எதுவும் முந்தாது என்ற ஐன்ஸ்டைனைக் கவிழ்த்துவிட்டன. கடைசியில் சரியாகச் செருகாத ஒரு ஒளியிழைக் கேபிள்!

நீங்கள் அந்தத் தொட்டியின் வீடியோவைப் போடுங்கள். எந்த எலிக்கு மருந்து என்று சொல்லாமல், அவர்களையே ஊகிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் தப்பாகச் சொல்வார்கள். ஒரே ஒரு எலியைப் பார்த்து ஏன் முடிவு கட்டக்கூடாது என்பதை அப்புறம் தனியாக விளக்க வேண்டியதே இல்லை.

மூத்தமகள்:

போன் செய்தது நான் இல்லை. நானாகவும் இருந்திருக்கலாம். அம்மாவுக்கு ஆறு வருடமாக இந்த நோய்.

'தெரியாது' என்று சொன்னது தப்பில்லை. அதோடு நிறுத்தியதுதான் குறை. எலிக்கு அப்புறம் என்ன? முதலில் சிலருக்குக் கொடுத்து ஆபத்தில்லையா என்று பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் நோயாளிகள், பிறகு நூற்றுக்கணக்கில் என்று நானே படித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு படியிலும் பல மருந்துகள் விழுந்துவிடும் என்பதும் அப்படித் தெரிந்ததுதான். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று காட்டுங்கள். இன்று நோயோடு இருப்பவர்களுக்கு இதை நம்பிக் காத்திருக்க வேண்டாம் என்றால், அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்களால் தாங்க முடியும். இல்லாவிட்டால் நாங்கள் ஒவ்வொரு செய்திக்கும் டாக்டரிடம் ஓடுவோம்.

இன்னொன்று, 'அவதிப்படுவோர்' வேண்டாமே. முன்வரிசையில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருப்பார். அம்மா நல்ல நாளில் எல்லாவற்றையும் கவனிப்பாள்.

நீந்தும்எலி:

மூன்று பேருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அந்த போன் எண்ணைத் தேடினேன். நாங்கள் குறித்து வைக்கவில்லை.

தொடக்கத்தை மாற்றிவிட்டேன்: 'இது எலிகளைப் பற்றிய பேச்சு. ஒரு மூலக்கூறு கொடுத்தபோது அவை ஒளித்துவைத்த மேடையைச் சீக்கிரம் கண்டுபிடித்தன. மனிதருக்கு இதை இன்னும் யாரும் கொடுத்துப் பார்க்கவில்லை. இன்று உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த நோய் இருந்தால், இது அவருக்கான மருந்து இல்லை. எலி எப்படித் தேடுகிறது என்று காட்டட்டுமா?' அடுத்தது வீடியோ. கடைசியில் ஒரு படிக்கட்டுப் படம். நாங்கள் முதல் படிக்குக் கீழே, தரையில் நிற்கிறோம். வீட்டில் படித்துக் காட்டியபோது யாரும் தூங்கவில்லை. ஆனால் கேட்டது இரண்டே பேர், அதில் ஒருவர் என் தங்கை.

இரவுப்பணி சார், நிகழ்ச்சி அறிவிப்பு மக்கள் தொடர்புப் பிரிவிலிருந்து திரும்பி வந்தது. தலைப்பில் எலி வேண்டாம், பார்க்க நன்றாக இல்லை என்கிறார்கள். எலியோடேயே மறுபடி அனுப்பியிருக்கிறேன்.