98 கிலோ இளவட்டக்கல் மடியைத் தாண்ட மாட்டேன் என்கிறது

ஊர் திசையன்விளைப் பக்கம். வயது 27, எடை 82 கிலோ. பொங்கலுக்கு எங்கள் பக்கம் நடக்கும் இளவட்டக்கல் (உருண்டைக் கல்) தூக்கும் போட்டிக்கு இன்னும் 10 வாரம். 80 கிலோ கல்லைத் தோளுக்கு மேல் ஏற்றிப் பின்னால் போட்டுவிடுகிறேன். 98 கிலோ கல் மடி வரை வருகிறது. குந்திய நிலையிலிருந்து எழுந்து நெஞ்சுக்கு ஏற்றும்போது வயிற்றோடு உரசி இறங்கிவிடுகிறது. பனியன் கிழிந்ததுதான் மிச்சம்.

டெட்லிஃப்டை (எடைக்கம்பியைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் பயிற்சி) 180 கிலோவுக்கு ஏற்றிப் பார்த்தேன், பலனில்லை. மணல் மூட்டையும் தூக்கினேன். அது உடம்போடு அணைந்துகொள்ளும், கல் எங்கே அணையும்? அப்புறம் வாரம் நான்கு நாள் கல்லையே தூக்கியதில் வலது முழங்கை மடிப்பில் வலி வந்து, இரண்டு வாரம் ஓய்வு. இப்போது வலி இல்லை. பிடி வழுக்காமல் இருக்கக் கையில் பிசின் தடவ எங்கள் ஊரில் விட மாட்டார்கள், வெறும் கைதான்.

இந்த 10 வாரத்தில் வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிலோ கல்லை, எத்தனை முறை தூக்கினால் முழங்கை கெடாமல் 98 நெஞ்சுக்கு ஏறும்?