கொழுந்து மடுவத்தில் தொட்டும் அசையாத பட்டன்

ஹட்டனிலிருந்து:

ஆப் எழுதுகிற தம்பி தங்கச்சிகளுக்கு உதவும் என்று இதைப் பகிர்கிறேன். இந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்குக் கொழுந்து நிறுவையைப் போனில் பதிகிற ஆப் ஒன்றை ரியாக்ட் நேட்டிவில் செய்துகொடுத்தேன். நிறுவையைப் பதிகிற கணக்கப்பிள்ளை கையில் ஆண்ட்ராய்ட், ஆபீசில் ஐபோன். அதனால் ஒரே கோடில் இரண்டுக்கும். வீட்டில் வைத்துப் பார்த்தவரை ஒரு குறையும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் பின்னேர நிறுவைக்கு நானும் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போனேன். விடாத தூறல். இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்க்காமலே பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஒரு அக்காவின் கொழுந்து தராசில் ஏறியது, 11 கிலோ. கணக்கப்பிள்ளை பெருவிரலைச் சட்டையில் துடைத்துவிட்டு ‘சேர்’ பட்டனைத் தொட்டார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி தொட்டார். மூன்றாவது தடவை நன்றாக அழுத்தினார். அப்புறம் அதே பெயருக்கு 11, 11, 11 என்று மூன்று வரி வந்து விழுந்தது. வரிசை நீளுகிறது என்ற அவசரத்தில் அழிக்கப் போனவர் மூன்றையும் அழித்துவிட்டார். அன்றிரவு அந்த அக்காவின் கணக்கில் காலையும் பகலும் மட்டும்தான் இருந்தன. அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

துண்டுக் காகிதத்திலும் எழுதி வைத்திருந்ததால் மறுநாள் காலையில் திருத்திவிட்டார்கள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அம்மாவும் இதே மாதிரி வரிசையில் நின்றவர்தான். ஒரு பேர் என்றால் என்னவென்று சின்ன வயதிலிருந்தே தெரியும்.

முதலில் மழைமேல்தான் பழி போட்டேன். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஈரம் பட்டால் ஸ்கிரீன் தொடுகையைச் சரியாக வாங்காது. ஆனால் இங்கே மூன்று தொடுகையும் பதிந்திருக்கிறது, பதிந்ததுதான் விரலுக்குத் தெரியவில்லை. நான் போட்டிருந்தது டச்சபிள்ஒபாசிட்டி என்ற பட்டன் வகை. தொட்டால் பட்டனின் தெளிவு 1இலிருந்து 0.2 ஆகக் குறைந்து மங்கும் என்பது அதன் இயல்பு. நானோ தொட்டதும் ஓடுகிற ஆன்பிரெஸ் உள்ளேயே எல்லாவற்றையும் அடைத்து வைத்திருந்தேன்: பதிவைச் சேமிப்பது, முழுப் பட்டியலையும் திரும்பக் கூட்டுவது, திரையை மறுபடி வரைவது. அந்த வேலை முடியும்வரை என் கோட் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் திரெட் அடைத்துக் கிடக்கும். மங்கச் சொல்வதும் அதே திரெட்தான். வேலை முடிந்த பிறகே மங்கும், அதற்குள் விரல் மூன்று தடவை தொட்டுவிடும். கைக்கு ‘உடனே’ என்று தோன்ற 0.1 செக்கன்தான் எல்லை என்று ஜேக்கப் நீல்சன் 1993இலேயே எழுதியிருக்கிறார். என் ஆப் பழைய போனில் ஒரு செக்கனைத் தொட்டது.

அதனால் பிரெஸ்ஸபிள் என்ற வேறு பட்டன் வகைக்கு மாறினேன். ரியாக்ட் நேட்டிவ் 0.63 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆண்ட்ராய்டில் அதன் ரிப்பிள், அதாவது தொட்ட இடத்திலிருந்து விரியும் அலை, விரல் பட்ட கணத்திலேயே கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு அதை ஓட்டுவது ஆண்ட்ராய்டுதான், பின்னால் என் கோட் திணறினாலும் அலை நிற்காது. ஐபோனில் ரிப்பிள் கிடையாது, அங்கே பிரெஸ்ட், அதாவது அழுத்தியிருக்கிற, நிலையைப் பார்த்துப் பின்னணி நிறத்தைக் கறுப்பாக்கினேன். மங்க வைக்கவில்லை. மடுவத்து வெளிச்சத்தில் மங்கிய பட்டனும் மங்காத பட்டனும் ஒன்றுபோலத்தான் தெரியும். பட்டியலைத் திரும்பக் கூட்டுகிற வேலையை திரை அடுத்து வரையப்படும் ஃபிரேமுக்குத் தள்ளினேன்.

இரட்டைப் பதிவைத் தடுக்க முதலில் ஸ்டேட்டில் பூட்டுப் போட்டேன், சரிவரவில்லை. திரை மறுபடி வரையப்படுவதற்குள் இரண்டாவது தொடுகை பழைய மதிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறது. திரை வரையக் காத்திராமல் மதிப்பு உடனே மாறுகிற ரெஃப்பில் வைத்த பிறகுதான் நின்றது. பட்டனையும் பெரிதாக்கினேன். ஆண்ட்ராய்ட் வழிகாட்டி 48 டிபி போதும் என்கிறது, ஆப்பிள் 44 பாயிண்ட் என்கிறது. கொழுந்துக் கறை ஏறிக் காய்த்துப்போன விரலுக்கு நான் 72 கொடுத்தேன்.

நுவரெலியாவிலிருந்து:

அண்ணா, எனக்கும் இதே மாதிரிதான் ஆனது, ஆனால் ஃபிளட்டர் என்ற வேறு கருவியில். கரட், லீக்ஸ் விலை பார்த்து ஓடர் கொடுக்கிற ஆப். தொட்டால் அலை காட்டுகிற இங்க்வெல் போட்டிருந்தேன், அலையே வரவில்லை. இரண்டு நாள் தேடினேன். உள்ளே கண்டெய்னர் என்ற பெட்டிக்குப் பச்சை நிறம் கொடுத்திருந்தேன். அலை அதற்கு அடியில் இருக்கிற மெட்டீரியல் என்ற தளத்தின் மேல் வரையப்படுவதால் பச்சை அதை மூடிவிட்டது. கண்டெய்னரை எடுத்துவிட்டு இங்க் விட்ஜெட்டில் அந்த நிறத்தைக் கொடுத்ததும் வந்துவிட்டது. வேறு இரண்டு பட்டனில் தொடுகையை மட்டும் கவனிக்கிற ஜெஸ்சர்டிடெக்டர் போட்டிருந்தேன். அது தானாக எந்த அசைவும் காட்டாது, அதையும் மாற்றினேன். அதிர்வு சேர்த்தீர்களா?

ஹட்டனிலிருந்து:

சேர்த்தேன் தம்பி. ஆண்ட்ராய்டில் 40 மில்லிசெக்கன், அதிர்வுக்கான பெர்மிஷன் வரியை மறக்காமல் போடுங்கள். ஐபோனில் அதே வைப்ரேஷன் ஏபிஐ கிட்டத்தட்ட 400 மில்லிசெக்கன் அதிரும், குறைக்க வழியில்லை. அங்கே எக்ஸ்போ ஹாப்டிக்ஸ் என்ற நூலகம் நல்லது. தொட்டவுடன் அதிர வைக்கவில்லை, பதிவு உண்மையாகச் சேமிப்பில் ஏறிய பிறகுதான். அலை என்றால் தொட்டாயிற்று, அதிர்வு என்றால் கணக்கில் ஏறியாயிற்று.

அதோடு எடையைத் திரை முழுக்கப் பெரிய எண்ணாக இரண்டு செக்கன் காட்டுகிறேன். போன வாரம் போனபோது கணக்கப்பிள்ளை ஒவ்வொரு நிறுவைக்கும் போனை வரிசைப் பக்கம் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தார். முன்னால் நின்ற அக்கா “விழுந்துருச்சா?” என்று கேட்டு, எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் கூடையை எடுத்தார்.