கான்ஃப் ஃபைல்ல மாத்துன வேல்யூ ஏறவே மாட்டேங்குது, மாசக் கடைசில போஸ்ட்கிரெஸ் தானா விழுந்து எந்திரிக்குது

கேட்டவர்: பில்லிங்_சர்வர்

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆபீஸ்ல பில்லிங்குக்கு போஸ்ட்கிரெஸ் 16 டேட்டாபேஸ் ஓடுது, உபுண்டு மெஷின், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, வேற எந்த வேலையும் அதுல இல்ல. மாசக் கடைசில அக்கவுண்ட்ஸ்ல இருந்து ரிப்போர்ட் எடுக்க ஆரம்பிச்சாங்கன்னா கொஞ்ச நேரத்துல கவுண்டர்ல பில் போடுறவங்க உள்பட எல்லாருக்கும் ஒண்ணா கனெக்‌ஷன் கட் ஆயிடுது, அப்புறம் தானாவே வந்துடுது. லாக்ல "சர்வர் பிராசஸ் டெர்மினேட்டட் பை சிக்னல் 9" னு ஒரு வரி இருக்கு.

முன்னாடி சர்வரைப் பாத்துக்கிட்டவர் வச்சுட்டுப் போன செட்டிங்: மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் 500, வொர்க்_மெம் (சார்ட் மாதிரி வேலைக்கு எடுத்துக்கற மெமரி) 256 எம்பி, ஷேர்டு_பஃபர்ஸ் (எல்லா பிராசஸும் பகிர்ந்துக்கற டேட்டா கேஷ்) மட்டும் டீஃபால்ட் 128 எம்பி அப்படியே இருக்கு. வொர்க்_மெம் ஜாஸ்தியோன்னு கான்ஃப் ஃபைல்ல, அதாவது செட்டிங் ஃபைல்ல, 16 எம்பி போட்டு ரீலோட் பண்ணேன். ஷோ வொர்க்_மெம் போட்டுப் பாத்தா இன்னும் 256 தான் காட்டுது. நைட்டு ரீஸ்டார்ட்டும் பண்ணியாச்சு, அதே 256. வேல்யூ ஏன் மாறல, சர்வர் ஏன் விழுது, ரெண்டுமே புரியல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: கொரி_பாக்குறவன்

ப்ரோ முதல் கேள்விக்கு மட்டும் சொல்றேன். நீங்க மாத்துனது ஈடிசி டைரக்டரிக்குள்ள இருக்குற போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டாட் கான்ஃப். டேட்டா டைரக்டரிக்குள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல் டாட் ஆட்டோ டாட் கான்ஃப்னு இன்னொண்ணு இருக்கும். யாராவது ஆல்டர் சிஸ்டம் செட் னு கமாண்ட் குடுத்திருந்தா அது அங்கதான் போய் உக்காரும், அந்த ஃபைலை கடைசியா படிக்கிறதால அதுல இருக்குறதுதான் ஜெயிக்கும், நீங்க மெயின் ஃபைல்ல என்ன எழுதுனாலும் எடுபடாது. 9.4 வெர்ஷன்ல இருந்தே இப்படித்தான்.

ஊகம் பண்ண வேண்டாம், இப்போ ஓடுற செட்டிங் எல்லாம் காட்டுற பிஜி_செட்டிங்ஸ் வியூல வொர்க்_மெம் வரியை எடுத்து சோர்ஸ், சோர்ஸ்ஃபைல், சோர்ஸ்லைன் மூணு காலமும் பாருங்க, எந்த ஃபைல்ல எத்தனாவது வரில இருந்து வருதுன்னே சொல்லிடும். சூப்பர்யூசரா போய்ப் பாருங்க, இல்லன்னா ஃபைல் பேர் காலியா இருக்கும். சோர்ஸ்ல டேட்டாபேஸ்னோ யூசர்னோ வந்தா அது ஆல்டர் டேட்டாபேஸ் இல்ல ஆல்டர் ரோல் வழியா வச்சது, அது ஃபைல் ரெண்டையுமே தாண்டிடும். ஆட்டோ ஃபைலை கையால திருத்தாதீங்க, ஆல்டர் சிஸ்டம் ரீசெட் வொர்க்_மெம் போட்டு ரீலோட் பண்ணுங்க போதும்.

பதில்: வேக்கும்_அண்ணாச்சி

தம்பி, சிக்னல் 9 னா அனேகமா ஊம் கில்லர் வேலை, மெமரி தீர்ந்துபோனா லினக்ஸே ஒரு பிராசஸைக் கொன்னுடும். டீமெசேஜ்ல (dmesg, லினக்ஸ் கெர்னலோட லாக்) அவுட் ஆஃப் மெமரி னு பக்கத்துலயே வரி இருக்கும், நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்க. ஒரே ஒரு பேக்கெண்ட், அதாவது ஒரு கனெக்‌ஷனைப் பாத்துக்கற பிராசஸ், செத்தாலும் ஷேர்டு மெமரி கெட்டுப்போயிருக்கலாம்னு போஸ்ட்கிரெஸ் மத்த எல்லா பிராசஸையும் நிறுத்திட்டு கிராஷ் ரெக்கவரி பண்ணி எந்திரிக்கும். ரிப்போர்ட் எடுத்தவரோட சேர்ந்து கவுண்டர்காரரும் வெளிய வர்றது அதனாலதான்.

இப்போ மெமரி எங்க போகுதுன்னு பாருங்க. வொர்க்_மெம் ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவுன்னு நிறைய பேர் நெனைக்கிறாங்க, அது அப்படி இல்ல. ஒரு கொரிக்குள்ள (query) இருக்குற ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்துறது) ஒவ்வொரு ஹாஷுக்கும் (ஜாயின், குரூப் பண்ண மெமரில கட்டுற டேபிள்) தனித்தனியா அவ்வளவு. 15 வெர்ஷன்ல இருந்து ஹாஷ்_மெம்_மல்டிப்ளையர் (ஹாஷுக்கு வொர்க்_மெம் மாதிரி எத்தனை மடங்குங்கறது) டீஃபால்ட்டே 2, அதனால உங்க செட்டிங்ல ஒரு ஹாஷ் 512 எம்பி வரைக்கும் எடுக்கலாம். ஒரே கொரியை பல பிராசஸ் பிரிச்சு ஓட்டுற பேரலல் கொரின்னா டீஃபால்ட்ல ரெண்டு வொர்க்கரும் லீடரும் ஆளுக்கு ஒரு பங்கு எடுக்கும். ரெண்டு சார்ட் இருக்குற ரிப்போர்ட்டை 40 பேர் ஒண்ணா ஓட்டுனா, பேரலல் இல்லாமலே 256 பெருக்கல் 2 பெருக்கல் 40, 20 ஜிபி ஆச்சு. மெஷின்ல இருக்குறதே 16.

நான் இருந்தா மெயின்ல வொர்க்_மெம் 8 இல்ல 16 எம்பி, ரிப்போர்ட் எடுக்குற ஆளுக்கு தனி ரோல் போட்டு ஆல்டர் ரோல்ல அதுக்கு மட்டும் 128. ரோல் செட்டிங் புது செஷனுக்குத்தான் ஏறும், மறந்துடாதீங்க. ஷேர்டு_பஃபர்ஸ் 4 ஜிபி, அதாவது ராம்ல கால்வாசி, இங்க தொடங்கலாம், இதுக்கு ரீஸ்டார்ட் கட்டாயம். எஃபெக்டிவ்_கேஷ்_சைஸ் 12 ஜிபி வச்சா பயப்படாதீங்க, அது எந்த மெமரியையும் பிடிக்காது, கொரியை எப்படி ஓட்டலாம்னு முடிவு பண்ற பிளானருக்கு சொல்ற கணக்கு மட்டும்தான். எஸ்எஸ்டிங்கறதால ரேண்டம்_பேஜ்_காஸ்ட் (டிஸ்க்ல அங்கங்க தாவிப் படிக்க பிளானர் போடுற செலவு) 4 ல இருந்து 1.1 க்கு இறக்குங்க.

லாக்_டெம்ப்_ஃபைல்ஸ் 0 னு வச்சு ஒரு வாரம் ஓட விடுங்க, எந்த கொரி டிஸ்க்குக்குப் போகுது எவ்வளவு போகுதுன்னு லாக்ல வரும், அதைப் பாத்துட்டுத்தான் வொர்க்_மெம்மை ஏத்தணுமான்னு முடிவு பண்ணணும். நெட்ல யாரோ போட்ட நம்பரை காப்பி அடிச்சு வச்சதாலதான் இப்படி நிறைய சர்வர் கஷ்டப்படுது.

கேட்டவர்: பில்லிங்_சர்வர்

கொரி ப்ரோ, நீங்க சொன்ன மாதிரியே சோர்ஸ்ஃபைல் காலத்துல ஆட்டோ கான்ஃப் தான் இருந்துச்சு, ரீசெட் பண்ணி ரீலோட் குடுத்ததும் 16 காட்டுது. அண்ணாச்சி, டீமெசேஜ்லயும் அதே நேரத்துக்கு வரி இருக்கு. ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். இன்னிக்கு நைட்டு ஷேர்டு_பஃபர்ஸ் மாத்தப்போறேன், அதோடவே மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸை 500 ல இருந்து 100 க்கு இறக்கிடலாமா? மெயின் சர்வரோட காப்பியா ஓடுற ஒரு ஸ்டாண்ட்பை மெஷினும் இருக்கு.

பதில்: நைட்_ஷிஃப்ட்

ஸ்டாண்ட்பை இருந்தா வரிசை முக்கியம். குறைக்கும்போது முதல்ல பிரைமரி (மெயின் சர்வர்), அது ஸ்டாண்ட்பைக்கு போய்ச் சேர்ந்த பிறகு ஸ்டாண்ட்பை. கூட்டும்போது இதுக்கு நேர் எதிர். பிரைமரில இருக்குறதை விட ஸ்டாண்ட்பைல கம்மியா இருந்தா 14 வெர்ஷன்ல இருந்து ரெக்கவரி அங்கேயே அப்படியே நிக்கும், நீங்க ரீஸ்டார்ட் பண்ணா எந்திரிக்கவே எந்திரிக்காது. அதுக்கு முன்னாடி பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டில பீக் நேரத்துல எத்தனை கனெக்‌ஷன் நிஜமா ஆக்டிவா இருக்கு, எத்தனை சும்மா ஐடில்னு எண்ணுங்க. ஆப் சைடுல 300 திறந்து வச்சிருந்தா 100 க்கு இறக்குன உடனே காலைல பில்லிங்கே நின்னுடும், நடுவுல பிஜிபவுன்சர் (நிறைய ஆப் கனெக்‌ஷனை கொஞ்ச டேட்டாபேஸ் கனெக்‌ஷன்ல பகிர்ந்து விடுற புரோகிராம்) போட்டு டிரான்சாக்‌ஷன் மோட்ல விட்டுட்டு அப்புறம் இறக்குங்க. ஆப் பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட் (முன்னாடியே தயார் பண்ணி வச்சு திரும்பத் திரும்ப ஓட்டுற கொரி) யூஸ் பண்ணுதுன்னா பிஜிபவுன்சர் 1.21 இல்ல அதுக்கு மேல எடுத்து மேக்ஸ்_பிரிப்பேர்டு_ஸ்டேட்மெண்ட்ஸ் வேல்யூ பூஜ்யமா இல்லையேன்னு பாத்துக்கங்க.

இன்னிக்கு நைட்டு ஷேர்டு_பஃபர்ஸ் மட்டும் மாத்துங்க. ரெண்டையும் ஒரே ரீஸ்டார்ட்ல சேத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எதனாலன்னு தேடிக்கிட்டு இருக்கணும்.