ஆம்னி ஆக்சிலில் கட்டிய கேம்பிங் ட்ரெய்லர் 50 கி.மீ. தாண்டினால் வால் ஆட்டுகிறது, உதவி தேவை

மலைப்பாதை:
வணக்கம். நானும் தம்பியும் சின்னதாக ஒரு கேம்பிங் ட்ரெய்லர் கட்டியிருக்கிறோம். சட்டம் 50×50 சதுரக் குழாய், 3 மி.மீ. கனம். புதுப்பேட்டையில் வாங்கிய மாருதி ஆம்னி பின் ஆக்சில், அதன் பட்டை ஸ்பிரிங், சக்கரம் எல்லாம் அப்படியே போட்டோம். எடை குறையட்டும் என்று டிஃபரன்ஷியலை (இன்ஜின் சக்தியை இரண்டு பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) மட்டும் எடுத்துவிட்டோம். மொத்தம் 350 கிலோ. 50 கி.மீ. வேகம் தாண்டியதும் வால் இடமும் வலமும் ஆடுகிறது. பள்ளத்தில் துள்ளுகிறது. இடது ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) கை வைக்க முடியாத சூடு. எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

லேத் பட்டறை:
முதலில் மூக்கு எடையை, அதாவது ட்ரெய்லரின் முன் முனை கார் கொக்கியை அழுத்தும் எடையைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, கப்ளிங் (ட்ரெய்லரைக் காரில் மாட்டும் முனை) கார் கொக்கியின் உயரத்திலேயே இருக்கும்படி கட்டை கொடுத்து, வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் மேல் இறக்குங்கள். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் அங்கே இறங்க வேண்டும்.

மலைப்பாதை:
பார்த்தோம் சார், 8 கிலோதான். கப்ளிங்கிலிருந்து ஆக்சில் 2.5 மீட்டர்.

லேத் பட்டறை:
அப்படியானால் வால் ஆடத்தான் செய்யும். ஆக்சிலை 30 செ.மீ. பின்னால் தள்ளுங்கள், மூக்கு எடை 40 கிலோவை ஒட்டி வரும். ஸ்பிரிங் பிராக்கெட்டை முதலில் டாக் (தற்காலிகப் புள்ளி வெல்டிங்) மட்டும் வைத்து, கப்ளிங் நடுவிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் ஒரே தூரம் வருகிறதா என்று டேப் பிடித்துப் பார்த்த பிறகு முழு வெல்டிங் போடுங்கள். துள்ளலுக்குக் காரணம், அந்த ஸ்பிரிங் ஆளும் சுமையும் ஏற்றும் வேனுக்கானது, உங்கள் எடைக்கு அது ரொம்ப விறைப்பு. மெயின் பட்டையைத் தொடாமல் கீழ்ப் பட்டை ஒன்றைக் கழற்றுங்கள். ஷாக் அப்சார்பர் கட்டாயம் வேண்டும்.

கியர்பாக்ஸ் அண்ணன்:
தம்பி, ஹப் சூட்டை இப்படியே விட்டுவிட்டு ரோட்டில் இறங்காதீங்க. ஆம்னியில் சக்கரம் ஆக்சில் ஷாஃப்டிலேயே மாட்டியிருக்கும். வெளி முனையை ஒரே ஒரு பேரிங் பிடிக்கும், உள் முனையை டிஃபரன்ஷியல் கியர்தான் தாங்கும். அதை எடுத்துவிட்டால் உள் முனை அந்தரத்தில் நிற்கும், ஷாஃப்டை வளைக்கும் விசை முழுவதும் அந்த ஒற்றைப் பேரிங்கில் விழும். ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்க.

மலைப்பாதை:
ஆமாம் அண்ணா, இரண்டு பக்கமும் ஆடுகிறது. இடது பக்கம் ரொம்ப அதிகம்.

கியர்பாக்ஸ் அண்ணன்:
இரண்டு பேரிங்கும் ஆயில் சீலும் மாற்றி, டிஃபரன்ஷியலைத் திரும்ப மாட்டி, கியர் ஆயில் ஊற்றுங்க. கியர்பாக்ஸிலிருந்து டிஃபரன்ஷியலுக்கு வரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மட்டும் வேண்டாம். அந்த எடை ஆக்சில் மேலேயே உட்காருவதால் மூக்கு எடை மாறாது. எடைதான் முக்கியம் என்றால் மாருதி 800 பின் ஆக்சில் தேடுங்க. அது முன்சக்கர இழுவை வண்டி, பின்னால் டிஃபரன்ஷியலே கிடையாது. ஆனால் அதில் காயில் ஸ்பிரிங், சட்டத்தில் பிராக்கெட் வேலை கூடும்.

மலைப்பாதை:
சரி அண்ணா, டிஃபரன்ஷியல் வீட்டில்தான் இருக்கிறது. அதை மாட்டிவிட்டு அப்புறம் பிராக்கெட்டை வெட்டுகிறோம்.

லேத் பட்டறை:
தண்ணீர் கேன், அடுப்பு, படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு மூக்கு எடையை இன்னொரு தடவை பாருங்கள். உங்கள் கார் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.