தென்னாப்பிரிக்கா, டர்பன் ஹைகோர்ட் அப்பீல்: 15 நாள் தாண்டிவிட்டது, வழி உண்டா?

சாட்ஸ்வொர்த்வாசி: தீர்ப்பு 2025 மார்ச் 4. அப்பீலுக்கு அனுமதி கேட்கும் மனுவை அட்டர்னி (என் வக்கீல்) ஏப்ரல் 8 வரை போடவில்லை. அவ்வளவுதானா?

கோர்ட்டு_குமாஸ்தா: இல்லைங்க. ஹைகோர்ட் விதி 49(1)(b)-இல் வரும் 15 நாள் என்பது கோர்ட் நாள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை சேராது. மார்ச் 5-தான் முதல் நாள்; மார்ச் 21 மனித உரிமை நாள் விடுமுறை, அது கழியும். கெடு மார்ச் 26. ஆனால் தீர்ப்புக்கான காரணங்கள் பிறகு தரப்பட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்துதான் 15 நாள். முதலில் அதைப் பாருங்கள். பலர் இதைக் கோட்டை விடுகிறார்கள்.

பீனிக்ஸ்_ஐயா: கெடு போயிருந்தால் அனுமதி மனுவோடு தாமத மன்னிப்பு மனுவும் இன்றே போடுங்கள். 1962 மெலேன் வழக்கின் அளவுகோல்: எவ்வளவு தாமதம், ஏன், ஜெயிக்கும் வாய்ப்பு, விஷயத்தின் முக்கியத்துவம். எல்லாம் சேர்த்தே எடை போடுவார்கள். அஃபிடவிட்டில் (பிரமாணப் பத்திரத்தில்) "வேலைப்பளு" என்று ஒரு வரி எழுதினால் உதவாது. மார்ச் 26 முதல் மனு போடும் நாள்வரை தேதிவாரியாகச் சொல்லுங்கள். இடையில் ஒரு வாரம் மௌனமாக இருந்தால் அங்கேதான் எதிர்த்தரப்பு பிடிக்கும். ஜெயிக்கும் வாய்ப்பு என்றால் நீதிபதி எங்கே பிசகினார் என்று தீர்ப்பின் பத்தி எண்ணோடு எழுதுங்கள்.

சாட்ஸ்வொர்த்வாசி: தப்பு அட்டர்னியுடையது என்றால்?

பீனிக்ஸ்_ஐயா: அவரிடம் தனி அஃபிடவிட் வாங்குங்கள். ஆனால் 1965 சலூஜி தீர்ப்பு: வக்கீலின் அசட்டைக்குப் பின்னால் கட்சிக்காரர் ஒளிவதற்கு எல்லை உண்டு. நீங்கள் அவரை எப்போது விசாரித்தீர்கள்? மின்னஞ்சல், வாட்ஸ்அப் நகலை இணையுங்கள்.

கோர்ட்டு_குமாஸ்தா: இன்னொன்று, மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்பென்றால் கணக்கே வேறு: விதி 51, 20 நாள்.