முன்ஸ் வெங்காயம்: கண்ணில் படாவிட்டால் 'இல்லை' என்று பதியலாமா?

களக்கணக்கு:
கலிஃபோர்னியாவில் ரிவர்சைடு மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் மட்டுமே வளரும் முன்ஸ் வெங்காயம் என்ற காட்டு வெங்காயத்தை (அல்லியம் முன்ஸி) ஒரு களிமண் சரிவில் தேடுகிறோம். இந்த ஆண்டு மழை குறைவு. ஏப்ரல் கடைசியில் ஒரு தடவை சுற்றியதில் ஒன்றும் தென்படவில்லை. 'இல்லை' என்று எழுதிவிடலாமா? பூ இல்லாமல் தாளை (இலையை) வைத்து அடையாளம் சொல்ல முடியுமா?

குமிழ்:
எழுதாதீர்கள். மழை போதாவிட்டால் குமிழ் மண்ணுக்குள்ளேயே உறங்கிவிடும், இல்லையென்றால் தாளை மட்டும் விட்டுக் காய்ந்துவிடும். விதையிலிருந்து பூக்க 3 முதல் 5 ஆண்டு ஆகும் என்பதால் நல்ல மழையிலும் இளஞ்செடிகள் பூக்காது.

முதலில் எல்சினோர் சிகரம் போல, செடி இருப்பது உறுதியான ஓர் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே பூத்திருக்கும் வாரத்தில்தான் உங்கள் சரிவில் தேட வேண்டும். அங்கேயே பூக்கவில்லையா? 'இந்த ஆண்டு முடிவு சொல்ல இயலாது' என்பதுதான் நேர்மையான பதிவு. பூக்காலம் மார்ச் முதல் மே வரை. ஒரே சுற்று எப்படியும் போதாது. மண் வரைபடத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். அதில் விடுபட்ட சிறு களித் திட்டுகளிலும் இது இருக்கும்.

சூலகமுகடு:
தாளை வைத்து 'இருக்கலாம்' என்று சொல்லலாம், அவ்வளவுதான். குமிழுக்கு ஒரே தாள், அதுவும் உருளையாக இருக்கும். கசக்கினால் வெங்காய வாசனை வரும்; பக்கத்திலேயே முளைக்கும் நஞ்சுள்ள டெத் கேமஸில் வராது. இன்னொரு காட்டு வெங்காயமான அல்லியம் ஹேமடோகைட்டனுக்குத் தட்டையான தாள்கள் பல, குமிழும் கொத்தாக இருக்கும். முன்ஸ் வெங்காயத்தில் பூ வந்தால் 10 முதல் 35 வரை, வெள்ளையாக, முதிரும்போது சிவக்கும். 10 மடங்கு லென்ஸில் சூலகத்தின் உச்சியைப் பாருங்கள்: ஒழுங்கற்ற நுண்பற்களுடன் முகடுகள் தெரிய வேண்டும். சந்தேகம் தீர்க்கக் குமிழைத் தோண்டாதீர்கள். 1998 முதல் இது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி அழியும் நிலையிலுள்ள இனம்.

புல்வெட்டி:
சரிவில் காட்டு ஓட்ஸ், புரோமஸ் ஆகிய களைப்புற்களின் சருகு மெத்தையாகக் கிடக்கிறதா? இருக்கிற செடியும் அதற்குள் மறைந்துவிடும், விதையும் மண்ணைத் தொடாது. இலையுதிர்காலத்தில், முதல் மழைக்கு முன் சருகை வாரி எடுங்கள். புல் இளசாக இருக்கும்போது ஃபுளூவாசிஃபாப் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கலாம். அது புல்லைத்தான் தாக்கும், வெங்காயத்தை விட்டுவிடும். ஆனால் அகன்ற இலைக் களைகளிடம் பலிக்காது, உள்நாட்டுப் புற்களும் அடிபடலாம். தீத்தடுப்புக்கென்று சட்டிக் கலப்பை ஓட்டினால் குமிழே போய்விடும். அதற்குப் பதில் விதை உதிர்ந்தபின் புல்லை மேலாக வெட்டச் சொல்லுங்கள்.